சிறைக்கு வெளியே நின்றவர்கள்

1936ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆந் திகதி நோர்வே நாட்டின் தலைநகராகிய ஒஸ்லோவில் நோபெல் சமாதானப் பரிசு வழங்கும் வைபவம் நடைபெற்றது. வழக்கமாக அவ்வைபவத்துக்குச் சமுகமளிக்கும் மன்னர் அன்று வரவில்லை. 1935ஆம் ஆண்டுக்கென ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த பரிசைப் பெறவேண்டியவரும் வரவில்லை. மன்னர் வராமைக்குக் காரணம் அரசியல். பரிசு பெற்றவர் வராமைக்குக் காரணம், அவர் பேர்லின் மாநகரத்து வைத்தியசாலை ஒன்றிலே, கசரோகத்தால் நலிந்து, இரகசியப் பொலிசாரின் கண்காணிப்பிற் கிடந்தமையே. அவர் பெயர் கார்ல் பொன் ஒசியெட்ஸ்கி.

நாட்டுத் தலைவரும் மந்திரிகளும் பெரும் அமைப்புகளும் பெற்றுவந்த ஒரு பரிசு, நாட்டு இரகசியத்தை வெளியிட்டார் எனத் தண்டிக்கப்பட்டுப் பின்னர் எவ்வித விசாரணையுமின்றி முகாமில் அடைக்கப்பட்ட ஒரு பத்திராதிபரை எவ்வாறு வந்தடைந்தது? அது தானாக வந்ததன்று. சில மனிதர்கள், அவர்களுட் பெரும்பாலோர் வறியவர்கள், ஊர்விட்டு ஊர் ஓடியவர்கள், மூன்று ஆண்டுகள் இருந்து கடிதம் எழுதினார்கள். இன்றைய பேச்சு ஒசியெட்ஸ்கியைப் பற்றியதாயினும், அவரினும் அதிகமாக அந்தக் கடிதக்காரர்களைப் பற்றியது.

முதலில் மனிதரை அறிந்துகொள்வோம். ஒசியெட்ஸ்கி 1889ஆம் ஆண்டு ஹம்பேர்க் நகரிலே பிறந்தவர். பெரும் படிப்பு எதுவும் இல்லை. நீதிமன்றக் காரியாலயத்திலே எழுதுவினைஞராக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1913ஆம் ஆண்டில், இந்தியாவில் ஐதராபாத்திலே பிறந்த மோட் என்னும் ஆங்கிலப் பெண்ணை மணந்தார். முதலாம் உலகப் போரிலே படைக்கு அழைக்கப்பட்டுப் போர்முனையைக் கண்ணாற் கண்டார். திரும்பிவந்தவர் ஜேர்மானிய சமாதானச் சங்கத்தின் செயலாளராக வேலை செய்தார். மனித உரிமைக்கான ஜேர்மானியச் சங்கத்திலும் பங்குகொண்டார். 1927ஆம் ஆண்டிலே “வெல்ற்பியூனே” என்னும் வாரப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. “உலக மேடை” எனத் தமிழிற் சொல்லலாம். சிறு பத்திரிகைதான். ஆனால் ஆட்சியாளர் அதை வாசிக்காமல் இருந்ததில்லை.

1929ஆம் ஆண்டு மார்ச் மாதம் அப்பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் வால்ரர் கிரைசர் என்னும் விமானத்துறை அறிஞர். வேர்சாய் உடன்படிக்கையின்படி ஜேர்மனி விமானப்படை வைத்திருத்தலாகாது. ஆனாலும் படைத்துறையினர் மறைவாக அதனைக் கட்டி வருகின்றனர் என்பதே கட்டுரையின் உட்பொருள். அரசாங்கம் இதனைப் பொய் என்று சொல்லவில்லை. பொய்யெனின் வழக்கே இல்லை. உண்மையாதலாற்றான் அது இரகசியம், இரகசியமாதலாற்றான் அதை வெளியிட்டது துரோகம் என்று வாதம் எழுந்தது. லைப்சிக் நகரத்து உயர்நீதிமன்றத்திற் கதவுகளை அடைத்து விசாரணை நடைபெற்றது. 1931ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இருவருக்கும் பதினெட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. இவை எல்லாம் ஹிட்லர் ஆட்சிக்கு வருமுன் நடந்தவை என்பதை நேயர்கள் மறத்தலாகாது. தேர்தலும் பாராளுமன்றமும் உள்ள ஒரு குடியரசே இதனைச் செய்தது.

கிரைசர் பிரான்சுக்குப் போய்விட்டார். ஒசியெட்ஸ்கியிடம் கடவுச்சீட்டு இருந்தது. நண்பர்களும் போ என்றனர். அவர் போகவில்லை. எல்லைக்கு அப்பால் நின்று கூப்பிடுபவனுடைய சொல் உள்ளூரிலே எடுபடாது என்பது அவர் எண்ணம். நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு அனுப்பிய மன்னிப்பு விண்ணப்பம் பயன்படவில்லை. 1932ஆம் ஆண்டு மே மாதம் 10ஆந் திகதி, எழுத்தாளரும் நண்பரும் புடைசூழ, அவர் பேர்லினில் உள்ள ரேகல் சிறைவாயிலுக்குச் சென்றார். அவ்வாண்டு நத்தார்க் காலத்துப் பொது மன்னிப்பினால் விடுதலை பெற்றார். வெளியே இருந்தது இரண்டு மாதங்களும் சில நாட்களுமே. 1933ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி இரவு ஜேர்மானிய பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாள் விடியற்காலையிற் பொலிசார் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர்.

இம்முறை வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. “பாதுகாப்புக் காவல்” என்று அதற்குப் பெயரிட்டார்கள். யாரை யாரிடமிருந்து பாதுகாப்பது என்று எவரும் கேட்கத் துணியவில்லை. ஸ்பண்டௌ, பின்னர் சொன்னென்பேர்க் முகாம், 1934ஆம் ஆண்டிலிருந்து ஒல்லாந்து எல்லைக்கு அண்மையிலுள்ள எஸ்ரர்வேகன் முகாம். அங்கே கைதிகள் சேற்று நிலத்தை மண்வெட்டியால் வெட்டி நீர்வடியச் செய்யவேண்டும். நெஞ்சுரம் இருந்ததேயன்றி உடலுரம் என்றும் இல்லாத மனிதர் அவர்.

இனிக் கடிதக்காரர்களிடம் வருவோம்.

ஹில்டே வால்ரர் என்றொரு பெண்மணி. ஒசியெட்ஸ்கியின் பத்திரிகையில் எழுதியவர். 1933ஆம் ஆண்டின் இறுதியிற் பாரிஸ் நகருக்குத் தப்பியோடினார். ஹெல்முட் பொன் கேர்லாக் என்பார், மனித உரிமைச் சங்கத்தைச் சேர்ந்த முதியவர், அங்கே முன்னரே வந்திருந்தார். கொன்ராட் றைஸ்னர் என்ற இளைஞரும் சேர்ந்தார். இவர்களும் வேறு சிலரும் கூடிய வட்டத்துக்கு நிதியில்லை, கட்டடமில்லை. கைதியின் மனைவிக்கு மாதந்தோறும் சிறு தொகை அனுப்பவேண்டும். 1919ஆம் ஆண்டிற் பிறந்த மகள் ரொசலிண்டேயை நாட்டைவிட்டு வெளியேற்றிப் படிப்பிக்க வேண்டும். உதவி என்பது இங்கேதான் தொடங்குகிறது. மகள் இங்கிலாந்திலே சேர்க்கப்பட்டாள். நாடகாசிரியர் ஏர்ன்ஸ்ட் ரொல்லர் அதற்காகப் பாடுபட்டார். உலகத்தின் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பும் பேச்செல்லாம் பின்னர். முதலிற் பால்காரனுக்கும் வீட்டு வாடகைக்கும் வழி.

பரிசு என்னும் யோசனை 1934ஆம் ஆண்டிற் பிறந்தது. அதை முதலில் எழுப்பியவர் பேர்தோல்ட் யாக்கோப் என்னும் பத்திரிகையாளர் என்பர். அந்த ஆண்டுக்குக் காலம் கடந்துவிட்டது. விண்ணப்பங்கள் பெப்ரவரி முதலாந் திகதிக்கு முன் போய்ச் சேரவேண்டும் என்பது விதி. இன்னொரு விதியும் உண்டு. எவரும் எவரையும் பிரேரித்தல் இயலாது. நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர், சட்டம், சரித்திரம், தத்துவம் முதலிய துறைகளிற் பேராசிரியர், முன்னர் அப்பரிசைப் பெற்றவர் முதலியோர்க்கே அந்த உரிமை. ஆகவே அந்தச் சிறு வட்டத்தினர், தாம் எழுதினாற் பயனில்லை என்பதை அறிந்து, எழுதக்கூடியவரைத் தேடினர். சுவிற்சர்லாந்து, சுவீடன், நோர்வே, செக்கோசிலோவாக்கியா, பிரான்சு, இங்கிலாந்து என்று நாடு நாடாகப் பெயர்களைத் திரட்டினர். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம். எந்தப் பேராசிரியர் எவருடைய சொல்லுக்குச் செவிசாய்ப்பார், எந்த உறுப்பினருக்கு எந்த மொழியில் எழுதவேண்டும் என்றெல்லாம் ஆராய்ந்து எழுதினர்.

இவ்விடத்திலே இவ்வேலையின் மிகக் கடினமான கேள்வி எழுகின்றது. சிறைப்பட்டவனுக்காகச் சத்தமிட்டால் அவனுக்கு நன்மையா, தீமையா? வெளியே ஒரு கூட்டம் நடந்த இரவிலே முகாமில் ஒரு சாட்டையடி அதிகமாக விழக்கூடும். அதனை வாங்குபவர் கூட்டம் கூட்டியவர் அல்லர். ஹில்டே வால்ரர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். ஆதலால் நாடுகடந்து வாழும் ஜேர்மானியர் எவருடைய பெயரும் முன்னுக்கு வரலாகாது என்று அவர் பிடிவாதமாக நின்றார். ஒசியெட்ஸ்கிக்காகப் பேசுவோர் அந்நிய நாட்டவராக, கட்சிச் சாயம் இல்லாதவராக, மதிப்புக்குரியவராக இருக்கவேண்டும். அப்போதுதான் பேர்லின் ஆட்சியாளர், இது நம் பகைவர் சூழ்ச்சி என்று எளிதிற் சொல்ல முடியாது. ஆத்திரத்தோடு எழுதப்பட்ட கட்டுரைகளை அவர் தடுத்தார். தமது பெயர் வெளிவராத வேலையைச் செய்தார். துன்பப்படும் ஒருவருக்காக உரத்துப் பேசுவதில் ஓர் இன்பம் உண்டு. அந்த இன்பத்தைத் துறப்பது எல்லார்க்கும் இயல்வதன்று.

எனினும் முற்றும் மௌனமாக இருந்தவர் அடைந்தது என்ன? ஒசியெட்ஸ்கியோடு ஒரே விடியற்காலையிற் பிடிக்கப்பட்டவர்களுள் ஏரிக் மியூசாம் என்னும் கவிஞரும் ஒருவர். அவர் 1934ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஓரானியன்பேர்க் முகாமிற் கொல்லப்பட்டார். ஹான்ஸ் லிற்றன் என்னும் இளம் சட்டத்தரணியும் அன்றே பிடிபட்டார். 1931ஆம் ஆண்டிலே ஹிட்லரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்திக் குறுக்குவிசாரணை செய்தவர் அவர். அதற்கு மன்னிப்பு இருக்கவில்லை. அவருடைய தாய் இர்ம்கார்ட், மகனுக்காகத் தட்டாத கதவு இல்லை. இங்கிலாந்துச் சட்டத்தரணிகளும் கையொப்பமிட்டு விண்ணப்பம் அனுப்பினர். பயன் காணவில்லை. 1938ஆம் ஆண்டு பெப்ரவரியில் டாக்கௌ முகாமிலே லிற்றன் உயிர் துறந்தார். ஆகவே சத்தமிட்டால் நிச்சயம் விடுதலை, சத்தமிடாவிட்டால் நிச்சயம் மரணம் என்று கணக்கிட்டுச் சொல்ல ஒருவராலும் முடியாது. இருட்டிலே கல்லெறிவது போன்ற வேலை அது.

ஆனால் ஒரு சான்று அவர்கள் கண்முன் இருந்தது. மேலே சொன்ன பேர்தோல்ட் யாக்கோப், 1935ஆம் ஆண்டு மார்ச் மாதம் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து ஜேர்மானிய இரகசியப் பொலிசாராற் கடத்திச் செல்லப்பட்டார். சுவிஸ் அரசாங்கம் விடவில்லை. தன் மண்ணிலிருந்து ஒருவரைத் தூக்கிச் சென்றதை அது பெரும் குற்றமாக எடுத்து விடாப்பிடியாய் நின்றது. செப்டெம்பரில் யாக்கோப் திருப்பி அனுப்பப்பட்டார். ஹிட்லரின் ஆட்சியும் வளையும் என்பதை அது காட்டிற்று.

ஒஸ்லோவிலே இந்த வேலையைத் தாங்கியவர் ஓர் இளைஞர். 1933ஆம் ஆண்டிலே படகேறித் தப்பிவந்தவர். 1935ஆம் ஆண்டின் பெரும்பகுதியிலும் அவருக்கு வயது இருபத்தொன்றே. வில்லி பிராண்ட் என்பது அவர் பூண்டுகொண்ட பெயர். நோர்வே மொழியைக் கற்றுப் பத்திரிகைகளில் எழுதினார். பாராளுமன்ற உறுப்பினரைச் சந்தித்தார். நடப்பதைப் பாரிசுக்கு எழுதினார். பிற்காலத்தில் மேற்கு ஜேர்மனியின் பிரதமராகி, 1971ஆம் ஆண்டிலே அதே பரிசைப் பெற்றவர் இவரே.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நோர்வேயின் புகழ்பெற்ற நாவலாசிரியர் க்னூட் ஹம்சுன், தாமும் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்றவர், 1935ஆம் ஆண்டு நவம்பரிலே பத்திரிகைகளில் ஒசியெட்ஸ்கியைத் தாக்கி எழுதினார். ஓடிப்போகக் கூடியவர் ஏன் ஓடவில்லை என்பதே அவர் கேள்வியின் சாரம். வேண்டுமென்றே சிறைக்குள் இருந்து புகழ் தேடுகிறார் என்ற குறிப்பும் அதிலே இருந்தது. நோர்வே எழுத்தாளர் பலர் சேர்ந்து அதனைக் கண்டித்தனர். இத்தகைய கேள்வி எந்நாட்டிலும் எக்காலத்திலும் எழுவதுதான். அடைபட்டவன் தானே தேடிக்கொண்டான் என்று எண்ணிவிட்டால், வெளியே உள்ளவர்க்கு நித்திரை வரும். ஹம்சுன் தமது பரிசுப் பதக்கத்தை 1943ஆம் ஆண்டிலே ஹிட்லரின் பிரசார மந்திரி கோயபெல்சுக்குக் காணிக்கையாக்கினார்.

அந்த ஆண்டு பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை. குழுவினர் ஒத்திவைத்தனர். அஞ்சினர் என்றாலும் பிழையன்று. ஜேர்மனி பக்கத்து வல்லரசு. நோர்வேயின் மீன் அங்கே விலையாகவேண்டும்.

1935ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பிற் கார்ல் பூர்க்ஹார்ட் என்னும் சுவிஸ் நாட்டவர் முகாமைப் பார்வையிடச் சென்றார். ஒசியெட்ஸ்கியைக் காட்டும்படி வற்புறுத்தினார். அழைத்துவரப்பட்டவர் நடுங்கிக்கொண்டு நின்றார். ஒரு கண் வீங்கியிருந்தது. பற்கள் உடைபட்டிருந்தன போலத் தோன்றின. நண்பர்களின் வணக்கத்தைப் பூர்க்ஹார்ட் சொன்னபோது, அவர் நன்றி கூறித் தம் முடிவு அண்மிவிட்டதென்றும், தாம் விரும்பியது சமாதானம் ஒன்றையே என்றும் தாழ்ந்த குரலிற் சொன்னதாகப் பூர்க்ஹார்ட் பின்னர் எழுதிவைத்தார். உள்ளே இருப்பவருக்கு வெளியே தமக்காக எவரோ இருக்கின்றனர் என்று தெரியவேண்டும். அச்செய்தியை அவர் காதிலே சேர்த்தது அந்தச் சந்திப்பு.

கேர்லாக் 1935ஆம் ஆண்டு ஆகஸ்டிலே காலமானார். இருந்தவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். 1936ஆம் ஆண்டுக்கான பிரேரணைகள் முன்னரிலும் பலவாக வந்து குவிந்தன. பாராளுமன்ற உறுப்பினர் பலர் கூட்டாக ஒப்பமிட்டனர். அல்பேர்ட் ஐன்ஸ்ரைன், தோமஸ் மான், ரோமேன் ரோலாண்ட் ஆகியோர் ஆதரவு தந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டிற் பேர்லினில் ஒலிம்பிக் ஆட்டங்கள் நடைபெறவிருந்தன. உலகமே அங்கே வரவிருந்தது. மே மாதத்தில் ஒசியெட்ஸ்கி முகாமிலிருந்து பேர்லின் வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டார். நவம்பர் 7ஆந் திகதி காவலிலிருந்து விடுவித்ததாக அறிவிக்கப்பட்டது. பொலிசார் மட்டும் வாசலை விட்டு அகலவில்லை.

பரிசை மறுத்துவிடும்படி கோயரிங் அவரைத் தம்மிடம் அழைத்துக் கேட்டார். அரசிலே ஹிட்லருக்கு அடுத்தவர் ஒருபுறம். மூச்செடுக்க முடியாத நோயாளி மறுபுறம். மறுத்தாற் சுகவாழ்வு என்று ஆசை காட்டப்பட்டது. ஏற்றால் ஜேர்மானிய இனத்திலிருந்து தம்மைத் தாமே விலக்கிக்கொண்டவர் ஆவார் என்று இரகசியப் பொலிசார் எச்சரித்தனர். நவம்பர் 23ஆந் திகதி பரிசு அறிவிக்கப்பட்டது. லைப்சிக் தீர்ப்பு வழங்கப்பட்டு ஐந்தாண்டுகள் நிறைந்த அதே நாள். ஒசியெட்ஸ்கி ஏற்றுக்கொண்டார். இப்பரிசு இனங்களுக்கிடையே பகையை வளர்ப்பதன்று, புரிந்துணர்வை வளர்ப்பது என்பதே அவர் கொடுத்த விளக்கம். மூன்றே முக்கால் ஆண்டு அடிபட்ட ஒருவர், தம் சார்பிலே எழுதியோரை அந்தக் கணத்திற் கைவிடவில்லை. ஆதரவு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேறு தேவையில்லை.

முடிவு நெருங்குமுன் நோபெல் குழுவிலிருந்து இருவர் விலகிக்கொண்டனர். ஒருவர் அப்போதைய வெளிநாட்டு மந்திரி கோட். மற்றவர் முன்னாட் பிரதமர் மோவிங்கெல். இத்தீர்மானம் நோர்வே அரசாங்கத்தினுடையதன்று எனக் காட்டுவதற்கே அவ்வாறு செய்தனர். பின்னர், பதவியிலிருக்கும் மந்திரிகள் குழுவில் இருத்தலாகாதென்று விதியும் செய்யப்பட்டது. வைபவத்திற் பேசிய குழுத்தலைவர் ஃப்ரெட்ரிக் ஸ்டாங், பரிசு பெற்றவரை வெறுமனே ஒரு சின்னமாகக் கருதலாகாது, அவர் செயலும் உடைய மனிதர் என்று வற்புறுத்தினார். ஹிட்லர் 1937ஆம் ஆண்டு ஜனவரியிலே, இனி ஜேர்மானியர் எவரும் எந்த நோபெல் பரிசையும் ஏற்றலாகாதென்று ஆணையிட்டார். வேறொரு ஜேர்மானியப் பரிசு அதற்கு ஈடாக ஏற்படுத்தப்பட்டது.

பரிசுப் பணத்தின் கதை வேறு. அது ஏறத்தாழ ஒரு இலட்சம் மார்க். அதனை மீட்டுத்தர முன்வந்த ஒரு சட்டத்தரணி பெரும்பகுதியைத் தாமே விழுங்கிவிட்டார். பின்னர் அவர் சிறை சென்றார், பணம் திரும்பவில்லை. இவ்வளவு பெரிய கதையில் இவ்வளவு சிறிய களவு! ஒசியெட்ஸ்கிக்குக் கடவுச்சீட்டும் கொடுக்கப்படவில்லை. 1938ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி, நாற்பத்தெட்டாம் வயதிற் பேர்லின் வைத்தியசாலையில் அவர் இறந்தார். முகாமிலே சேற்றுக்குள் விழுந்து இறவாமல், மனைவி அருகிருக்க, கட்டிலிலே இறந்தார். கடிதக்காரர்கள் வாங்கிக்கொடுத்தது அந்த இரண்டு ஆண்டுகளையே. அது போதுமா என்று கேட்பவர் உண்டு. அந்த இரண்டு ஆண்டுகளை ஒசியெட்ஸ்கியின் மனைவியிடம் கேட்டிருக்க வேண்டும்.

அம்மையார் மோட், போர் முடிந்தபின் 1946ஆம் ஆண்டிலே “வெல்ற்பியூனே”யை மீண்டும் பேர்லினில் வெளிக்கொணர்ந்தார். ஒல்டன்பேர்க் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒசியெட்ஸ்கியின் பெயரைச் சூடிக்கொள்ள 1974ஆம் ஆண்டிலே தீர்மானித்தபோது, மாநில அரசு அதனை ஏற்கவில்லை. 1991ஆம் ஆண்டிலேயே அப்பெயர் சட்டபூர்வமாயிற்று. 1961ஆம் ஆண்டிலே இலண்டனில் மனச்சாட்சிக் கைதிகளுக்காக ஓர் இயக்கம் தோன்றி, உலகெங்கும் சாதாரண மனிதர் அறியாத கைதிகளுக்காகக் கடிதம் எழுதத் தொடங்கியபோது, பாரிஸ் வட்டத்தார் கையால் எழுதிப் பழகிய வேலை ஒரு பெரிய முறையாயிற்று. 2010ஆம் ஆண்டிலே சீனச் சிறையிலிருந்த லியு சியாபோவுக்கு அதே பரிசு வழங்கப்பட்டு, அவர் கதிரை வெறுமையாக இருந்தபோது, பத்திரிகைகள் பல ஒசியெட்ஸ்கியை நினைவுகூர்ந்தன.

மகள் ரொசலிண்டே சுவீடனில் வாழ்ந்தார். தந்தைக்கு எதிரான 1931ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கவேண்டுமென்று முதுமையிலும் அவர் விடாது முயன்றார். வழக்கை மீண்டும் விசாரிக்கும்படி பேர்லின் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்தார். புதிய சான்றுகள் போதா என்று 1991ஆம் ஆண்டிலே அது தள்ளப்பட்டது. மேன்முறையீடு செய்தார். 1992ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் அதனையும் தள்ளியது. ரொசலிண்டே 2000ஆம் ஆண்டிற் காலமானார். லைப்சிக் தீர்ப்பு நீக்கப்படவில்லை.